நீ சொன்ன நாகமும் நான் தின்ற நாகமும்

அன்பு மகனுக்கு,

இங்கே நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நலமில்லை என்று எழுதினால் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்து அழுவாய். அதனால் அந்த வரியை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, என் கையால் நானே எழுதுகிறேன். உன் அம்மா, "நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்" என்று பேனாவை எடுத்துக்கொண்டு வந்தாள். எனக்கும் என் பிள்ளைக்கும் நடுவில் நீ எதற்கு என்று அனுப்பிவிட்டேன். அவள் எழுதினால் அழுதுகொண்டே எழுதுவாள், பாதி எழுத்து கரைந்துபோய்த்தான் உனக்கு வந்து சேரும்.

பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவிடம் பேசினாயாம். ஆராய்ச்சியை விட்டுவிட்டேன், செங்கல்பட்டில் ஒரு டுடோரியலில் பாடம் நடத்தப் போகிறேன் என்றாயாம். ஏன்டா என்று கேட்டதற்கு, "அப்பாவ இந்த கதிக்கு ஆளாக்கனதே நான்தாம்மா" என்றாயாம். அவள் வந்து சொன்னதும் எனக்கு வந்த கோபத்தில் காபித் தம்ளரைத் தட்டிவிட்டேன். கோபம் ஆறினதும் துக்கம்தான் வந்தது. இப்படி ஒரு பழியை நீயே உன் தலையில் ஏற்றிக்கொண்டு திரிகிறாய், அதை நான் உயிரோடு இருக்கும்போதே இறக்கி வைத்துவிட வேண்டும். நான் போன பிறகு வேறு யார் சொன்னாலும் உன் மனசு ஏற்காது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நடந்தது எல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் நீ உன் பக்கத்திலிருந்துதான் பார்த்தாய். ஸ்டியரிங் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. போன வருஷத்துப் பொங்கலுக்கு முன்பே எனக்குத் தொல்லை ஆரம்பித்துவிட்டது. விழுப்புரத்தில் பஸ்ஸை எடுத்தால் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில்தான் சீட்டை விட்டு எழுந்திருப்பேன், அப்படித்தான் இத்தனை வருஷமும் ஓட்டினேன். அந்த நான், திரும்பி வரும்போது கூட்டேரிப்பட்டில் ஒரு தடவை, விக்கிரவாண்டியில் ஒரு தடவை என்று வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் புளியமரத்துப் பக்கம் ஓட ஆரம்பித்தேன். போனாலும் சட்டென்று வராது. நின்றுகொண்டே இருப்பேன். வண்டியில் குழந்தை அழும், எவனாவது எட்டி ஹாரனை அடிப்பான். கண்டக்டர் ஏழுமலை இறங்கி வந்து, "இன்னாண்ணே, இப்பதான போய்க்கினு வந்த, அதுக்குள்ளயா? பின்னாடி வண்டிக்காரன் வந்துக்கினு இருக்கான், ஜல்தி வாண்ணே" என்பான். டயர் சூடாகியிருக்கிறதா என்று பார்த்தேன் என்பேன். டயரைப் பார்க்கிறவன் ஏன் மரத்துக்குப் பின்னால் போனான் என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. தங்கமான பிள்ளை. உன் அம்மாவிடமும் நான் வாயைத் திறக்கவில்லை. கால் வலி, இடுப்பு வலி என்றால் ஊரைக் கூட்டும் நம் ஆண்பிள்ளைகளுக்கு, அந்த இடத்து நோவைச் சொல்ல மட்டும் நாக்கு எழாது.

பொங்கல் லீவுக்கு நீ மெட்ராஸிலிருந்து வந்து திண்டிவனத்தில் இறங்கி என் வண்டியில் ஏறினாய், ஞாபகம் இருக்கிறதா? உட்கார இடம் இல்லை. இன்ஜின் பானட்டின் மேல் என் துண்டை மடித்துப் போட்டேன், அதில் உட்கார்ந்தாய். பக்கத்தில் இருந்தவர்களிடம், "பையன், மெட்ராஸ்ல கெமிஸ்ட்ரி ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்கான்" என்று நானே சொல்லிக்கொண்டேன். அப்படி என்னதான்டா ஆராய்ச்சி என்று உன்னைக் கேட்டேன். அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. கேட்டதும் உன் முகம் மலர்ந்ததே, அதை ரோட்டைப் பார்த்தபடியே கண்ணாடியில் கவனித்தேன்.

"ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழ ஒரு சொரப்பி இருக்குதுப்பா, புராஸ்டேட்னு பேரு. பெரிய நெல்லிக்கா அளவு இருக்கும். அதுல நாகம்ங்கற உலோகம் நெறைய இருக்கும், வேற சதையில அவ்ளோ பாக்க முடியாது. ஆனா கேன்சர் வந்த சொரப்பியில ஒரு துண்டு எடுத்துப் பாத்தா நாகம் கொறஞ்சு போயிருக்குது" என்றாய். நாகம் உட்கார வேண்டிய சீட்டில் காட்மியம் என்று ஒன்று வந்து குந்திக்கொள்கிறதா என்றும் பார்க்கிறோம், பீடிப் புகையில்கூட அது இருக்கிறது என்றாய். விக்கிரவாண்டி வந்ததும் சட்டைப்பையில் இருந்த பீடிக்கட்டை ஜன்னல் வழியாக வீசினேனே, அது உனக்காக வீசியது என்று நினைத்து நீ சிரித்தாய். அது பயத்தில் வீசியது.

அப்போதுதான் கேட்டேன். எனக்கு என்று கேட்கவில்லை. "தெரிஞ்ச டிரைவர் ஒர்த்தனுக்கு நீர் சரியா போவலியாம், நாகம் கொறஞ்சதுதான் காரணமா?" என்றேன். நீ என்ன பதில் சொன்னாய் என்பதை நீயே மறந்துவிட்டாய் போலிருக்கிறது. எனக்கு மறக்கவில்லை, அப்படியே எழுதுகிறேன். "அத யாரும் சொல்ல முடியாதுப்பா. நாகம் கொறஞ்சதால நோவு வந்துச்சா, நோவு வந்ததால நாகம் கொறஞ்சுதான்னே இன்னும் தெரியல. வயசானா கேன்சர் இல்லாமலும் அது வீங்கும். அவர மொதல்ல டாக்டராண்ட போவச் சொல்லு. நாகத்த வாங்கித் தின்னா அங்க போயி சேரும்னு யாரும் கண்டுபுடிக்கல." இதற்கு மேல் ஒரு மகன் என்ன சொல்ல முடியும்? நீ முழு ரூட்டையும் சொன்னாய். நான்தான் முதல் ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டேன். எனக்குக் குறைகிறது என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. குறைந்தால் நிரப்ப வேண்டியதுதானே. டீசல் குறைந்தால் டாக்டரிடமா போகிறோம் என்று அன்று ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

துத்தநாகம் என்று முழுதாகச் சொல்லாமல் நாகம் என்று சுருக்கிச் சொன்னதுதான் உன் குற்றம் என்கிறாய். அப்பாவுக்குப் புரியட்டும் என்று சுருக்கினேன் என்று சொல்லிச் சொல்லி அழுகிறாய். எனக்கு என்னவோ நீ முழுதாகச் சொல்லி, நான் கியர் மாற்றிய சத்தத்தில் முன்பாதி போயிருக்கும் என்றுதான் படுகிறது. அப்படியே நீ சுருக்கியிருந்தாலும் அதில் என்ன தப்பு? நம் பக்கத்துச் சித்த வைத்தியர்கள் துத்தநாகத்தை நாகம் என்றுதானே சொல்கிறார்கள். என் அப்பா மூலத்துக்கு நாக பற்பம் சாப்பிட்டவர். வெள்ளை வெளேர் என்று விபூதி மாதிரி இருக்கும், சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். அந்த ஞாபகத்தில்தான், திண்டிவனத்தில் ட்ரிப் நிற்கும் நேரத்தில் மருந்துக் கடைக்குப் போய் நாக பற்பம் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் பாட்டிலை எடுத்து வைத்தார். லேபிளில் நாக பஸ்பம் என்று இருந்தது. வடக்கே எங்கோ செய்தது. உள்ளே சாம்பல் நிறம். "இது வெள்ளையா இருக்கும்ங்களே?" என்றேன். "ஒவ்வொர்த்தர் செய்முறை ஒவ்வொரு மாதிரிங்க. நாம பற்பம்ங்கறோம், அவங்க பஸ்பம்ங்கறாங்க, ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றார். அவர் ஒன்றும் பொய் சொல்லவில்லை. பற்பமும் பஸ்பமும் ஒன்றுதான். வேறாக இருந்தது நாகம். அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நெய்யில் குழைத்துச் சாப்பிட்டேன். என்ன மருந்து என்று உன் அம்மா கேட்டதற்கு உடம்பு தெம்புக்கு என்றேன். அனந்தபுரத்திலிருந்து உன் மாமா கொல்லையில் பிடுங்கின ஒரு பை மல்லாட்டையோடு வந்திருந்தபோது அவனிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "நாகம் கொறஞ்சா நாகம் சாப்ட்டா தீர்ந்துச்சு மாமா, இதுக்குப் போயி எவனாச்சும் ஆஸ்பத்திரிக்குப் போவானா" என்று முதுகில் தட்டினான். எனக்கும் அதுதானே கேட்க வேண்டியிருந்தது. ஒரு பாட்டில் முடிந்து இன்னொன்று வாங்கினேன். அப்புறம் வயிற்றைப் பிடித்து முறுக்க ஆரம்பித்தது. சரியாக வெளிக்குப் போகவில்லை. ரத்தம் செத்துப்போய் முகம் வெளுத்தது. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தேன் பார், அந்தப் புத்தியை என்ன சொல்ல.

பிறகு கை. அதை உன்னிடம் நான் முழுதாகச் சொன்னதே இல்லை. விக்கிரவாண்டி தாண்டி ஒரு கரும்பு லாரிக்கு வழி விட மூன்றாவது கியரிலிருந்து இறக்கப் போனேன். இடது கை கியர் ராடின் மேல் இருக்கிறது, ஆனால் மணிக்கட்டு தூக்கவில்லை. துவண்டு தொங்குகிறது. வண்டி நிறைய ஜனம், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வேறு. பிரேக்கை மிதித்து, வலது கையாலேயே ஒடித்து மண்ணில் இறக்கி நிறுத்தினேன். யாருக்கும் ஒரு கீறல் இல்லை, அந்தப் புண்ணியம் போதும். ஏழுமலை ஓடி வந்து என் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். விட்டால் விழுகிறது. "அண்ணே, உனுக்கு இன்னா ஆச்சுண்ணே" என்று ரோட்டிலேயே அழுதுவிட்டான். அன்றைக்கு இறங்கியவன்தான், அந்த சீட்டில் நான் மறுபடி ஏறவில்லை. எனக்கு வந்த நோயைவிட எனக்குப் பெரிய துக்கம் அதுதான். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

பக்கவாதம் என்று நினைத்து அம்மா உனக்குத் தந்தி கொடுத்தாள். நீ வந்தாய். என் வாயைத் திறக்கச் சொல்லி ஈறில் ஓடிய நீலக்கோட்டைப் பார்த்தாய், கையைப் பார்த்தாய், அப்புறம் அலமாரியில் இருந்த பாட்டிலைப் பார்த்தாய். இது எதற்கு என்று கேட்டாய். சொன்னேன். நீ பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாய். மெட்ராஸில் அதைச் சோதித்துவிட்டுத் திரும்பி வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, "அது நாகம் இல்லப்பா, ஈயம். மொத்தமும் ஈயம். நம்ம வைத்தியத்துல நாகம்னா துத்தநாகம், அவங்க வைத்தியத்துல நாகம்னா ஈயம்ப்பா" என்று சொல்லி என் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாய். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஈயம்னா ரசம் வெக்கிற ஈயச்சொம்புதான? அதுல இன்னா கெடுதி?" என்றாள். அது வெள்ளீயம்மா, இது காரீயம் என்று அழுகைக்கு நடுவிலும் அவளுக்குப் பாடம் நடத்தினாய். "ஒரே பேர வெச்சுக்கினு ரெண்டு ஆளு, இது இன்னா பேஜாரா இருக்குது!" என்று அவள் கத்தியபோது எனக்கு வயிற்று வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் கட்டிலை விட்டு நீ இன்னும் எழுந்திருக்கவில்லை மகனே. நான் எழுந்துவிட்டேன். பாண்டிச்சேரியில் ஊசி போட்டு ஈயத்தை இறக்கினார்கள், கை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. அங்கேதான் டாக்டர் நீர் எப்படிப் போகிறது என்று கேட்டார். பின்வழியாக விரலை விட்டுப் பார்த்தார். கல் மாதிரி இருக்கிறது என்றார். தேங்காயைத் துருவுகிற மாதிரி அந்தச் சுரப்பியை உள்ளுக்குள்ளேயே துருவி எடுத்தார்கள். பார்த்தால் கேன்சர். அப்புறம் இரண்டு விதைகளையும் எடுத்தார்கள், அதிலிருந்து சுரப்பதுதான் நோய்க்குத் தீனி போடுகிறதாம். அன்று நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குக் கூச்சமாக இருந்தது என்பது நிஜம். ஆனால் அதன் வேலை முடிந்துவிட்டதே, அதோ நீ ஆறடிக்கு நிற்கிறாயே என்றும் நினைத்துக்கொண்டேன். இப்போது நீர் நன்றாகப் போகிறது. இடுப்பு எலும்பில் கொஞ்சம் வலி இருக்கிறது, அது எதனால் என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். டாக்டரை நான் நேராகவே கேட்டேன்: இந்த ஈயத்தைத் தின்றதால்தான் இது வந்ததா? "அப்படிச் சொல்ல முடியாதுங்க. இது ரொம்ப நாளாவே உள்ள இருந்திருக்கும். இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம், அவ்ளோதான்" என்றார். அந்த முன்னாடி என் கணக்கு. உனக்கு அதில் பங்கு கிடையாது. கை விழுந்திருக்காவிட்டால், நீ அந்த பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்காவிட்டால், நான் இன்னமும் புளியமரத்துக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருப்பேன். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க வைத்தவன் நீ. இதை நான் உன்னைத் தேற்றுவதற்காக எழுதவில்லை, யோசித்துப் பார்த்தால் நீயே ஒப்புக்கொள்வாய்.

இப்போது கடைசி விஷயம். ஆபரேஷனுக்கு முன்னால் உங்கள் புரொபசர் அம்மா வந்து என்னைப் பார்த்தார்கள். எடுக்கிற சதையில் டாக்டர்கள் சோதித்தது போக மிச்சத்தில் கொஞ்சம் ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்டார்கள். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதைப் பிளாஸ்டிக் இடுக்கியால்தான் தொட வேண்டும், பாட்டிலை ஆசிட்டில் ஊறவைத்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பாத்திரத்து உலோகம் கலந்துவிடும் என்று அவர்கள் சொன்னபோதுதான், வீட்டுக்கு வந்தால் நீ ஏன் கழுவின தம்ளரையே அலசி அலசித் தண்ணீர் குடிக்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. அம்மா அதற்கு உன்னை எவ்வளவு கேலி செய்திருக்கிறாள். அந்த பாட்டில் உன் மேஜைக்கு வந்தது. பெயர் இல்லை, ஒரு நம்பர்தான். ஆனாலும் வந்த தேதியை வைத்து உனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு எழுந்து வெளியே போனவன் நீ, இன்னும் உள்ளே போகவில்லை.

அம்மாவிடம் சொன்னாயாம். ஈயம் தின்ற உடம்பு, அது ஆராய்ச்சிக்கே உதவாது என்று ஒரு காரணம். அதைப் பக்கத்து வீட்டுப் போனில் புரொபசர் அம்மாவிடமே கேட்டுவிட்டேன். ஈயம் தின்றவர் என்று பக்கத்தில் எழுதித் தனியாக வைத்துக்கொள்வோம், ஆசிட்டில் கரைத்து நெருப்பில் காட்டித் துத்தநாகத்தை அளந்து பார்க்க என்ன தடை என்றார்கள். ஆக அது சாக்கு. இன்னொன்றுதான் நிஜமான காரணம். "அப்பாவ ஆசிட்ல கரைச்சு நெருப்புல காட்டி என்னால பாக்க முடியாதும்மா" என்றாயாம். அதை அம்மா சொன்னபோது நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். உன்மேல் எனக்கு அவ்வளவு பாசம் வந்தது. கூப்பிட்டு மடியில் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆனால் ஒன்று யோசி. நீ என் ஒரே பிள்ளை. இன்றைக்கோ இன்னும் சில வருஷம் கழித்தோ, எனக்குக் கொள்ளி வைக்கப் போகிறவன் நீதான். அந்த நெருப்பில் முழு அப்பனையும் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரச் சொல்வார்கள். அங்கே உனக்கு என்னைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியப் போவதில்லை. இது ஒரு சின்னத் துண்டு, நகக்கண் அளவுகூட இருக்காது. இந்த நெருப்பில் காட்டினால் ஏதோ ஒன்று தெரியும். அது எனக்கு உதவாது என்று எனக்குத் தெரியும். விக்கிரவாண்டியில் வண்டியை நிறுத்திவிட்டு மரத்துக்குப் பின்னால் நிற்கிற இன்னொரு டிரைவருக்கு என்றைக்காவது உதவலாம். உதவாமலும் போகலாம், நீயே சொன்னது போல இன்னும் யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்கிற வேலையைத்தானே நீ செய்துகொண்டிருந்தாய். கை நடுங்கினால் நடுங்கட்டும். என் கையும் நடுங்கிக்கொண்டுதான் இவ்வளவையும் எழுதியிருக்கிறது.

போ. அந்த பாட்டிலைத் திற. என்ன வருகிறதோ அதை எழுது. எழுதி முடித்ததும் ஊருக்கு வந்து, எவ்வளவு இருந்தது என்று எனக்குச் சொல். துத்தநாகம் என்று முழுதாகவே சொல், சுருக்கினாலும் பரவாயில்லை. இந்தத் தடவை இன்ஜின் சத்தம் இருக்காது.

உன்
அப்பா